பனி ஏரியில் கிடந்த பறக்கும் படகு: வாசகர் கேள்வி, பதில்

போன இதழில் ஒரு கேன்சோ விமானத்தைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். கனடாவின் வடகோடியில் இனுவிக் ஊருக்குக் கிழக்கே உள்ள சிட்டிட்ஜி ஏரியில் 2001இல் மூழ்கிய விமானம் அது. கரைக்கு இழுக்கப்பட்டு, கேட்பாரற்றுப் பல வருடம் அங்கேயே கிடந்தது. அப்புறம் ஆல்பெர்ட்டா மாகாணத்தில் ஃபேர்வியூ என்ற சிற்றூரைச் சேர்ந்த விவசாயிகளும் அவர்களுடைய நண்பர்களும் 2008இல் அதை ஊருக்குக் கொண்டுவந்து, 2017இல் திரும்பவும் பறக்கவிட்டார்கள். அந்த அரைப்பக்கத்துக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை வேறு எந்த விஷயத்தையும் எடுக்காமல் முழுக்க இதற்கே பதில் எழுதுகிறேன்.

பள்ளி ஆசிரியை, காரைக்குடி: கேன்சோ என்றால் என்ன சார்? கடல் விமானம் என்கிறார்கள், பறக்கும் படகு என்கிறார்கள், எல்லாம் ஒன்றா? விமானத்துக்கு ஏரியில் என்ன வேலை என்று என் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

தண்ணீரில் இறங்கி ஏறும் விமானம் எதுவானாலும் பொதுவாகக் கடல் விமானம் என்று சொல்லிவிடலாம் டீச்சர். அதில் இரண்டு வகை உண்டு. சாதாரண விமானத்தின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டு நீளமான மிதவைகளை மாட்டினால் அது மிதவை விமானம். விமானத்தின் வயிற்றையே படகின் அடிப்பாகம் மாதிரி செய்துவிட்டால் அது பறக்கும் படகு. கேன்சோ இரண்டாவது வகை. அமெரிக்காவில் 1935இல் முதலில் பறந்த கேட்டலினாவைத்தான் கனடாவில் கேன்சோ என்று கூப்பிட்டார்கள். சிறகின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு 31 மீட்டருக்கு மேல், மேலே இரண்டு எஞ்சின், ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன். சிறகு நுனியில் இருக்கும் சின்ன மிதவைகள் பறக்கும்போது மடிந்து சிறகோடு சேர்ந்துகொள்ளும். இந்த ரகத்துக்குச் சக்கரமும் உண்டு என்பதால் ஓடுபாதையிலும் இறங்கும்.

ஏரியில் என்ன வேலை என்ற கேள்விக்குக் கனடாவின் வரைபடத்தைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். வடக்கே போகப்போக சாலை கிடையாது, ரயில் கிடையாது, ஏரிகள் மட்டும் எண்ணி முடியாத அளவுக்கு இருக்கின்றன. கோடையில் மிதவை, குளிர்காலத்தில் அதே விமானத்துக்குச் சறுக்குப்பலகை, இப்படித்தான் தபாலும் மருந்தும் சுரங்கத்துக்கான சாமான்களும் போய்ச் சேர்ந்தன. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் கேன்சோக்களுக்கு இன்னொரு வேலை கிடைத்தது, காட்டுத்தீயை அணைப்பது. நிற்காமல் ஏரியின் மேற்பரப்பை உரசிக்கொண்டே போய் சுமார் 3,600 லிட்டர் தண்ணீரை அள்ளிக்கொண்டு எழும்பும். அத்தனை வேகத்தில் தண்ணீரைத் தொடும்போது ஒரு சின்னத் தப்பு நடந்தாலும் வயிறு கிழிந்துவிடும். சிட்டிட்ஜியில் அந்த விமானம் மூழ்கியதும் தண்ணீர் அள்ளும்போதுதான். உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். பிள்ளைகளிடம் அதை முதலில் சொல்லுங்கள், அவர்கள் அடுத்து கேட்கப்போகும் கேள்வி அதுதான்.

லேத் பட்டறை வைத்திருப்பவர், கோயம்புத்தூர்: சாலையே இல்லாத இடம் என்கிறீர்கள், விமானமோ பத்து டன் கிட்டே இருக்கும். கிரேன் போகாது, லாரி போகாது. எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதைத்தான் நீங்கள் எழுதியிருக்க வேண்டும், அதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

கோபம் நியாயம்தான். போன முறை இடம் போதவில்லை, இப்போது விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் எனக்கும் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

வடக்கே கோடையில்தான் எதையும் நகர்த்த முடியாது. மேலே ஒரு அடி, இரண்டு அடி மண் உருகி சதசதவென்று சேறாகிவிடும், அதற்கு அடியில் எப்போதும் உறைந்தே கிடக்கும் நிலம் தண்ணீரைக் கீழே விடாது. டிராக்டர் போனால் அங்கேயே நிற்கும். ஆனால் குளிர்காலம் வந்துவிட்டால் அதே சேறு கல்லாகிவிடும், ஏரி தார்ச்சாலை ஆகிவிடும். அந்தப் பக்கத்து மக்களுக்கு இது புதிதல்ல. இனுவிக்கிலிருந்து டுக்டோயாக்டுக் ஊருக்கு 2017 வரைக்கும் ஒவ்வொரு குளிர்காலமும் உறைந்த ஆற்றின் மீதும் கடலின் மீதும்தான் வண்டிப்பாதை போட்டார்கள். ஆக, விமானத்தை எடுக்கப் போகிறவன் முதலில் காத்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கணக்கு. பனிக்கட்டி எவ்வளவு எடை தாங்கும் என்பதற்குக் கனடாவில் ஒரு எளிய சூத்திரம் வைத்திருக்கிறார்கள். தடிமனை சென்டிமீட்டரில் அளந்து, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, வரும் விடையை 3.5 ஆல் பெருக்குங்கள். தாங்கும் எடை கிலோவில் வந்துவிடும். 30 சென்டிமீட்டர் இருந்தால் 3,150 கிலோ, 60 சென்டிமீட்டர் இருந்தால் 12,600 கிலோ. தடிமன் இரண்டு மடங்கானால் பலம் நான்கு மடங்காகிறது, பார்த்தீர்களா? காலி கேன்சோ சுமார் ஒன்பதரை டன். எஞ்சின் ஒவ்வொன்றும் அரை டன்னுக்கு மேல், அதையும் சிறகையும் கழற்றிவிட்டால் நிறையக் குறையும். ஆனால் இழுக்கிற வண்டியின் எடையும் இருக்கிறதே, அதனால் இரண்டுக்கும் நடுவே நீளமான கம்பி வடம் விட்டு எடை ஒரே இடத்தில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சூத்திரம் நீலமாக, கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் பனிக்கட்டிக்கு மட்டும்தான். பனி விழுந்து நனைந்து உறைந்த வெள்ளைக்கட்டிக்குப் பாதி பலம்தான் கணக்கு. பாதை போடுபவர்கள் ஏரி மேல் விழுந்த பனியை முதலில் வழித்து எடுத்துவிடுவார்கள், அது கம்பளிப் போர்வை மாதிரி குளிரை உள்ளே விடாமல் தடுக்கும், எடுத்துவிட்டால் கட்டி வேகமாகத் தடிக்கும். ஓட்டும்போது மெதுவாகப் போக வேண்டும். வண்டி போகப் போக பனிக்கட்டி கொஞ்சம் கீழே வளையும், அதற்கு அடியில் தண்ணீரில் ஒரு அலை கூடவே ஓடும், வண்டியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றானால் வளைவு பெரிதாகி கட்டி உடைந்துவிடும். ஒரே இடத்தில் பாரத்தை நிறுத்திவைத்துவிட்டு டீ குடிக்கவும் போகக்கூடாது, நின்ற இடத்தில் கட்டி மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே இருக்கும்.

ஃபேர்வியூகாரர்கள் செய்தது இதைத்தான். சிறகைப் பிரித்தார்கள், 2008 குளிர்காலத்தில் உறைந்த ஏரி மேலும் பனி மூடிய நிலத்தின் மேலும் இழுத்துக்கொண்டு மெக்கென்ஸி ஆற்றுப் பக்கம் கொண்டுவந்தார்கள், பனி உருகும்வரை காத்திருந்து கோடையில் சரக்குப் படகில் ஏற்றினார்கள். படகு ஆற்றை எதிர்த்து, தெற்கே, கிரேட் ஸ்லேவ் ஏரிக் கரையில் இருக்கும் ஹே ரிவர் ஊர்வரை வந்தது. 1,700 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஆறு அது, கிட்டத்தட்ட அதன் முழு நீளமும் பயணம். அங்கிருந்து லாரி. முதல் பாதிக்கு ஆறு உறைய வேண்டும், இரண்டாம் பாதிக்கு அதே ஆறு உருக வேண்டும். ஒரு வாரம் பிசகினால் ஒரு வருடம் போய்விடும். இதை யோசித்துச் செய்தவர்கள் பொறியியல் நிறுவனம் நடத்துபவர்கள் இல்லை, விதைப்பதற்கும் அறுப்பதற்கும் நாள் பார்த்துப் பழகியவர்கள். அதனால்தான் முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: தண்ணீரில் கிடந்தால் இரும்பு துருப்பிடித்து, மரம் அழுகிவிடாதா? ஐம்பது வருடம், நூறு வருடம் கழித்து எடுத்தார்கள் என்று படிக்கும்போது நம்ப முடியவில்லை.

கேன்சோ ஏரிக்கு அடியில் பல காலம் கிடக்கவில்லை, கரையில்தான் கிடந்தது. உங்கள் கேள்விக்குச் சரியான உதாரணம் வேறு ஒன்று, லா விஜிலான்ஸ்.

முதல் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்கக் கடற்படை 12 கர்டிஸ் எச்எஸ்-2எல் பறக்கும் படகுகளைக் கனடாவில் விட்டுவிட்டுப் போனது. மரத்தால் செய்த வயிறு, துணி போர்த்திய இரட்டைச் சிறகு, ஒரே எஞ்சின். அதில் ஒன்றான லா விஜிலான்ஸை 1919 ஜூனில் ஸ்டூவர்ட் கிரஹாம் என்ற விமானி ஹாலிஃபாக்ஸ் பக்கத்திலிருந்து கியூபெக்கின் லாக்-அ-லா-டோர்ட்யூ ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போனார், 1,000 கிலோமீட்டருக்கு மேல். வழி சொன்னவர் அவர் மனைவி மாட்ஜ். எஞ்சின் சத்தத்தில் பேச முடியாது, அதனால் துணி காயப்போடும் கொடி மாதிரி ஒரு கயிறு கட்டி அதில் சீட்டு எழுதி அனுப்பினார். அந்த விமானம் காட்டுத்தீ எங்கே பிடிக்கிறது என்று மேலிருந்து கண்காணித்தது. கனடாவில் காட்டுப் பகுதி விமான சேவை என்பதே இங்கேதான் ஆரம்பம். அந்த விமானம் 1922இல் ஒன்டாரியோவின் வடக்கே ஃபாஸ் ஏரியில் விழுந்து மூழ்கியது.

1968, 69இல் எடுத்தார்கள். நாற்பத்தாறு வருடம் கழித்து மர வயிறு இருந்தது!

காரணம் மூன்று. ஒன்று குளிர். ஆழமான வடக்கு ஏரியின் அடித்தண்ணீர் வருடம் முழுக்க 4 டிகிரி பக்கத்திலேயே நிற்கும், மரத்தைத் தின்னும் கிருமிகள் அந்தக் குளிரில் சோம்பிக் கிடக்கும். இரண்டு, அது நல்ல தண்ணீர், உப்பு கிடையாது. உப்புத் தண்ணீரில் அலுமினியமும் எஃகும் ஒட்டிக்கொண்டிருந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும், நல்ல தண்ணீரில் அது ரொம்ப மெதுவாகத்தான் நடக்கும். கடலில் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவும் ஏரியில் இல்லை. மூன்று, அடியில் சேற்றில் பிராணவாயு குறைவு.

ஆனால் பிரச்சினை எல்லாம் வெளியே எடுத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஊறின மரத்தைக் காயவிட்டால் சுருங்கி, வெடித்து, விறகாகிவிடும். ஸ்வீடனில் வாசா என்ற பழைய கப்பலை 1961இல் எடுத்தபோது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு மாதிரியான பொருளை 17 வருடம் தெளித்துக்கொண்டே இருந்தார்கள், மரத்துக்குள் இருந்த தண்ணீருக்குப் பதில் அது போய் உட்காரட்டும் என்று. எஃகு பாகம் காற்றுப் பட்ட சில மணி நேரத்தில் செம்பழுப்பாக மாறும். எஞ்சினை ஈரம் காயாமலே பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்து எண்ணெயில் போட வேண்டும். லா விஜிலான்ஸைச் சீரமைத்து முடிக்க 1986 ஆகிவிட்டது, மூன்று விமானங்களின் பாகங்களைச் சேர்த்துத்தான் ஒன்றை உருவாக்கினார்கள். அதனால், எங்கே வைத்துக் காப்பாற்றப் போகிறோம் என்று தெரியாமல் எடுப்பதைவிட ஏரியிலேயே விட்டுவைப்பது நல்லது. ஏரி நன்றாகவே பார்த்துக்கொள்ளும்.

சங்கு குளிப்பவர், தூத்துக்குடி: அடியில் கிடப்பதை மேலே கொண்டுவர பலூன் கட்டுவார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் தொழிலில் அதெல்லாம் இல்லை. கொஞ்சம் விவரம் சொல்லுங்கள்.

அண்ணே, உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், பெயர் மட்டும்தான் புதிது. கெட்டித் துணியில் செய்த பையை விமானத்தில் கட்டி உள்ளே காற்றை அடைப்பார்கள். ஒரு கன மீட்டர் காற்று சுமார் ஒரு டன்னைத் தூக்கும். சிக்கல் என்னவென்றால், 10 மீட்டர் ஆழத்தில் அடைத்த காற்று மேலே வந்ததும் இரண்டு மடங்காக விரியும். பை மேலே வரவரப் பெரிதாகும், பெரிதாகப் பெரிதாக இன்னும் வேகமாக மேலே வரும், கடைசியில் விமானம் அம்பு மாதிரி எழும்பி, தலைகுப்புற விழுந்து திரும்ப அடிக்கே போய்விடும். அதனால் அடிப்பக்கம் திறந்திருக்கும் பைகளாகப் பார்த்துக் கட்டுவார்கள், மிஞ்சின காற்று தானாக வெளியே போய்விடும். நிறையச் சின்னப் பைகளாகக் கட்டி, ஒவ்வொரு படியாகக் கொண்டுவருவார்கள். எங்கே கட்டுவது என்பது அதைவிட முக்கியம். விமானத்தைத் தூக்குவதற்கென்றே செய்யும்போதே பலமான இடங்கள் வைத்திருப்பார்கள், அதைத் தேடிப் பிடிக்க வேண்டும், வாலைப் பிடித்துத் தூக்கினால் வால் மட்டும்தான் கையோடு வரும். வயிற்றுக்குள் சேறு நிறைந்திருந்தால் அதை முதலில் உறிஞ்சி எடுத்தாக வேண்டும், சேற்றின் பிடி விமானத்தின் எடையைவிட அதிகமாகக்கூட இருக்கலாம்.

குளிர்காலத்தில் வேறு ஒரு வழியும் உண்டு. பனிக்கட்டியில் பெரிய துளை வெட்டி, மேலே முக்காலி மாதிரி மரமோ இரும்புக் குழாயோ நட்டு, செயின் பிளாக் மாட்டி, அங்குலம் அங்குலமாகத் தூக்குவது. மேடை கட்ட வேண்டிய அவசியமே இல்லை, ஏரியே மேடை.

மெக்கானிக், சேலம்: இவ்வளவு கஷ்டம் எதற்கு? எஞ்சினைச் சரிசெய்து அங்கிருந்தே கிளப்பிக்கொண்டு வந்துவிடலாமே?

மெக்கானிக் மனசு அப்படித்தான் யோசிக்கும், தப்பே இல்லை. அப்படி முயன்ற ஒரு கதையைச் சொல்கிறேன், அது கடல் விமானம் இல்லை, பி-29 குண்டுவீச்சு விமானம், ஆனால் இடம் வடக்கு ஏரிதான். கீ பேர்ட் என்று பெயர். 1947 பிப்ரவரியில் கிரீன்லாந்தின் வடமேற்கில் உறைந்த ஏரி மேல் அவசரமாக இறங்கியது, ஆட்களை மீட்டார்கள், விமானத்தை விட்டுவிட்டார்கள். 1994இல் டாரில் கிரீனமையர் என்ற விமானி ஒரு குழுவோடு போனார். புது எஞ்சின்கள், புது டயர்கள் எல்லாம் அங்கேயே மாட்டினார்கள், அந்தக் குளிரில், கூடாரம் போட்டுக்கொண்டு. தலைமை மெக்கானிக் அங்கேயே உடம்பு முடியாமல் போய், கொண்டுவந்தும் பிழைக்கவில்லை. 1995 மே மாதம் எஞ்சின்கள் ஓட, விமானம் பனியின் மேல் நகர ஆரம்பித்தது. அந்த நேரத்தில் உள்ளே இருந்த துணை ஜெனரேட்டரின் எரிபொருள் கசிந்து தீப்பிடித்தது. எல்லோரும் இறங்கித் தப்பினார்கள், விமானம் அவர்கள் கண் முன்னாலேயே எரிந்தது. நாற்பத்தெட்டு வருடம் கிட்டத்தட்ட முழுசாக நின்றது ஒரு பகலில் போய்விட்டது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது. அவர்கள் திறமை இல்லாதவர்கள் இல்லை. நேரம் இல்லாதவர்கள். பனி உருகுவதற்குள் கிளம்பியாக வேண்டும் என்ற அவசரத்தில், பட்டறையில் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலைகளைப் பனியில் ஒப்பேற்ற வேண்டி வந்தது. ஃபேர்வியூகாரர்கள் பிரித்து எடுத்துவந்து, ஒன்பது வருடம் கொட்டகையில் வைத்து ரிவெட் ரிவெட்டாகச் சரிபார்த்தார்கள். நான் அவர்கள் பக்கம்தான்.

வழக்கறிஞர், மதுரை: கண்டெடுத்தவனுக்கே சொந்தமா? சட்டம் என்ன சொல்கிறது?

இல்லை. விட்டுவிட்டுப் போனாலும் சொந்தக்காரர் சொந்தக்காரர்தான், அவர் கம்பெனியாக இருக்கலாம், இழப்பீடு கொடுத்த இன்சூரன்ஸாக இருக்கலாம். எழுத்தில் வாங்காமல் தொடக்கூடாது. அமெரிக்கக் கடற்படையின் விமானமாக இருந்தால் எத்தனை வருடம் ஆனாலும், எந்தத் தண்ணீரில் கிடந்தாலும் அது அரசாங்கச் சொத்து, 2004இல் இதற்கென்றே சட்டம் போட்டிருக்கிறார்கள். கனடாவில் 50 வருடத்துக்கு மேல் பழைய அரும்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அனுமதி வேண்டும். இனுவிக் பக்கம் நிலம் இன்யுவியலுயிட், க்விச்சின் மக்களுடைய பூர்வீக நிலம், உடன்படிக்கை செய்து உரிமை பெற்றிருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் அங்கே பாதை போடக்கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஆட்கள் இறந்திருந்தால் அது கல்லறை. கியூபெக்கில் லாங்-பாயிண்ட்-த-மிங்கான் ஊருக்கு எதிரே 1942 நவம்பரில் ஒரு அமெரிக்கக் கேட்டலினா மூழ்கியது. ஒன்பது பேரில் நான்கு பேரை ஊர் மீனவர்கள் துடுப்புப் படகில் போய்க் காப்பாற்றினார்கள், ஐந்து பேர் உள்ளேயே போய்விட்டார்கள். 2009இல் விமானத்தைக் கண்டுபிடித்தார்கள், 2012இல் முக்குளிப்பவர்கள் இறங்கி எஞ்சியிருந்த உடல்களைத் தேடி எடுத்தார்கள். விமானத்தை எடுக்கவில்லை. அதுதான் சரி.

ஓய்வுபெற்ற ஊழியர், புழல்: எங்கள் செங்குன்றம் ஏரியில் போர்க்காலத்தில் கேட்டலினா இறங்கியது என்று அப்பா சொல்வார். உண்மையா? அடியில் ஏதாவது கிடக்குமா?

அப்பா சொன்னது உண்மை ஐயா. இரண்டாம் உலகப்போரின் பின்பகுதியில் பிரிட்டிஷ் விமானப்படையின் 191, 240 ஆகிய படைப்பிரிவுகள் செங்குன்றம் ஏரியிலிருந்து கேட்டலினாக்களை இயக்கின. வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிகளைத் தேடிப் போய்வந்தவை. இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் கொக்கல ஏரியும் இதே மாதிரி ஒரு தளம். கனடாவின் 413 படைப்பிரிவு அங்கே இருந்தது. அதன் லியனார்டு பிர்ச்சல் 1942 ஏப்ரல் 4 அன்று கேட்டலினாவில் போய் இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையைப் பார்த்துத் தகவல் அனுப்பினார். தகவல் போய்ச் சேர்ந்தது, அவர் விமானம் சுடப்பட்டது, அவர் போர் முடியும்வரை கைதி. மறுநாள் கொழும்பு மேல் குண்டு விழுந்தபோது எச்சரிக்கை முன்பே வந்துவிட்டிருந்தது.

அடியில் கிடக்குமா என்றால், எதிர்பார்க்காதீர்கள். 2019 கோடையில் ஏரி எந்த அளவுக்கு வற்றியது என்பதை நீங்களே கண்ணால் பார்த்தவர். நம் ஏரி ஆழமில்லாதது, வெயிலில் சூடாகும் தண்ணீர், வற்றும், நிறையும், நடுநடுவே காற்றுப் படும். வடக்கு ஏரி எதையெல்லாம் செய்து காப்பாற்றுகிறதோ அதெல்லாம் இங்கே தலைகீழ். அப்பா சொன்னதை எழுதி வையுங்கள், எந்தக் கரையில் இறங்கும், எப்படிச் சத்தம் கேட்கும், எல்லாவற்றையும். நம்மிடம் இருப்பது அதுதான்.

வாசகர், திருச்சி: வயிற்றெரிச்சலோடு கேட்கிறேன். இத்தனை வருடம், இத்தனை பணம், ஒரு பழைய விமானத்துக்காகவா?

நேரடியாகக் கேட்டதற்கு நன்றி. எனக்கும் இந்தக் கேள்வி வந்ததுண்டு. ஒரு சம்பவம் சொல்கிறேன். அமெரிக்காவின் நார்த்ராப் நிறுவனம் நார்வேக்காக 24 மிதவை விமானங்கள் செய்தது, என்-3பிபி என்று பெயர். நார்வேயை ஜெர்மனி பிடித்துவிட்டதால் அந்த விமானிகள் ஐஸ்லாந்திலிருந்து பறந்தார்கள். 1943 ஏப்ரலில் மோசமான வானிலையில் ஒன்று தியோர்சா ஆற்றில் இறங்கி மூழ்கியது, விமானி தப்பினார். மற்றதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1979இல் ஆற்று மணலிலிருந்து அந்த ஒன்றைத் தோண்டி எடுத்து கலிஃபோர்னியாவுக்கு அனுப்பினார்கள். சீரமைத்தவர்களில், இளம் வயதில் அதே விமானங்களைச் செய்த தொழிலாளிகளும் இருந்தார்கள், ஓய்வு பெற்றபின் சம்பளம் வாங்காமல் வந்து வேலை பார்த்தார்கள். வரைபடத்தில் இல்லாத விஷயங்கள் அவர்கள் கையில் இருந்தன. உலகத்தில் அந்த ரகத்தில் இன்று இருப்பது அந்த ஒன்றுதான், நார்வேயில் இருக்கிறது. அந்தக் கிழவர்கள் இருக்கும்போதே எடுத்ததால் அது நடந்தது. பத்து வருடம் தள்ளிப்போட்டிருந்தால் உலோகம் கிடைத்திருக்கும், கை கிடைத்திருக்காது. பணம் வீண் என்று இதைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

வாசகி, ஸ்கார்பரோ, கனடா: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க விரும்புகிறேன். எங்கே போகலாம் அண்ணா?

உங்களுக்குப் பக்கம் ஹாமில்டன்தான் தங்கச்சி. அங்கே விமான நிலையத்தை ஒட்டிய போர் விமான அருங்காட்சியகத்தில் ஒரு கேன்சோ இருக்கிறது. 1944இல் எரிந்துகொண்டிருந்த விமானத்திலிருந்து நீர்மூழ்கியைத் தாக்கி மூழ்கடித்து, பிறகு பல மணி நேரம் கடலில் தவித்து, மீட்கப்பட்ட கொஞ்ச நேரத்தில் உயிரிழந்து, விக்டோரியா கிராஸ் என்ற உயரிய வீர விருது பெற்ற டேவிட் ஹார்னெல் ஓட்டிய விமானத்தின் வண்ணத்தில் வைத்திருக்கிறார்கள். நீண்ட விடுமுறை கிடைத்தால் சூ செயின்ட் மேரி போங்கள், காட்டு விமானங்களுக்கென்றே, பழைய தீயணைப்பு விமானக் கொட்டகையிலேயே ஒரு அருங்காட்சியகம்.

ஆனால் ஒன்றுதான் போக முடியும் என்றால் ஒட்டாவா போங்கள். விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் லா விஜிலான்ஸ் நிற்கிறது, சிறகுக்குச் சிறகு 22 மீட்டருக்கு மேல், பளபளவென்று. பிள்ளைகள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் ஃபாஸ் ஏரியிலிருந்து எடுத்த பழைய மர வயிறு எங்கே என்று கேளுங்கள். நாற்பத்தாறு வருடம் தண்ணீருக்கு அடியில் கிடந்த பலகை அதுதான். மாட்ஜ் கிரஹாம் உட்கார்ந்து சீட்டு எழுதி அனுப்பியதும் அந்த வயிற்றுக்குள்ளிருந்துதான் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.